கருஞ்சக்தி தளர்கிறதா? ஹோம்டெல் குன்றிலிருந்து டேவிஸ் மலைவரை

நியூ ஜேர்சியில் ஞாயிறு தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும்போது, பின்னிருக்கையிலிருந்து பதினொரு வயதுப் பிள்ளை ஒன்று கேட்டது: "பிரபஞ்சம் விரியிறது நிக்கப் போகுதாமே, உண்மையோ?" கைபேசியில் பார்த்த ஒரு காணொளியின் தலைப்பு அப்படி இருந்ததாம். காரில் இருந்த பெரியவர்கள் மூவர். ஒருவர் பொறியியலாளர், ஒருவர் கணக்காளர், ஒருவர் தாதி. ஒருவரிடமும் மறுமொழி இல்லை. அதற்குப் பிறகு சில மாதங்களாக நாங்கள் தேடி வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

சுருக்கமான மறுமொழி: இல்லை, விரிவு நிற்கப்போவதாக எவரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அந்தத் தலைப்புக்குப் பின்னால் உண்மையான கேள்வி ஒன்று இருக்கிறது. பிரபஞ்சத்தின் விரிவை விரைவுபடுத்தும் ஏதோ ஒன்று என்றும் மாறாத ஒன்றா, அல்லது காலம் செல்லச் செல்லத் தளர்கிறதா? இந்தக் கேள்வியின் கதை எங்கள் சனம் அதிகம் குடியேறிய இடங்களின் பக்கத்திலேயே நடந்திருக்கிறது, நடந்துகொண்டும் இருக்கிறது. நியூ ஜேர்சியின் ஒரு குன்று, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் இரண்டு ஆய்வுகூடங்கள், மேற்கு டெக்சாசின் ஒரு மலை. நாங்கள் நெடுஞ்சாலையில் கடந்து போகும் இடங்கள்தான்.

முதலில் விரிவு என்றால் என்ன என்று பார்ப்போம். ஊர்ப் பேக்கரியில் பிளம்ஸ் போட்ட பணிஸ் மா பொங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். மா பொங்கும்போது ஒவ்வொரு பிளம்சும் மற்றவற்றிலிருந்து விலகும். எதுவும் தானாக நடக்கவில்லை, இடையிலுள்ள மாதான் பெருக்கிறது. தூரத்தில் இருப்பது வேகமாக விலகுவதுபோலத் தெரியும். கலக்சிகள் எனப்படும் விண்மீன் மண்டலங்கள் ஒன்றையொன்று விலகுவதும் இப்படித்தான். 1929 இல் எட்வின் ஹபிள் இதை அளவீடுகளோடு காட்டினார்.

அதன்பின் எழுபது ஆண்டுகளாக எல்லோரும் ஒன்றை எதிர்பார்த்தார்கள். மேலே எறிந்த பந்தின் வேகம் குறைவதுபோல, கலக்சிகளின் ஈர்ப்புவிசை இந்த விரிவை மெல்ல மெல்ல இழுத்துப் பிடிக்க வேண்டும். எவ்வளவு குறைகிறது என்பதை அளக்கத்தான் 1988 இல் பேர்க்லி மலைமேலுள்ள லோரன்ஸ் பேர்க்லி தேசிய ஆய்வுகூடத்தில் சோல் பேர்ல்மட்டரின் குழு வேலையைத் தொடங்கியது. பிரையன் ஷ்மிட் தலைமையில் போட்டிக் குழு ஒன்றும் உருவானது. அந்தக் குழுவின் முக்கியமான கணக்கைச் செய்த அடம் ரீஸ் அப்போது அதே மலையடிவாரத்தில், பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். 1998 இல் இரு குழுக்களும் ஒரே முடிவுக்கு வந்தன. பந்தின் வேகம் குறையவில்லை, கூடிக்கொண்டு போகிறது. 2011 இல் மூவருக்கும் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அவர்கள் எதைக்கொண்டு அளந்தார்கள் என்பதில் எங்கள் மொழிக்காரர் ஒருவர் இருக்கிறார். 1930 இல், பத்தொன்பது வயதில், சென்னை மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், கடற்பயணத்தில் ஒரு கணக்குப் போட்டார். எரிந்து முடிந்த விண்மீனின் எச்சமான வெண்குள்ளன் எவ்வளவு கனமாக இருக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு என்பதுதான் அது. இன்று அந்த எல்லை சூரியனின் திணிவைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று அறிவோம். 1935 இல் இலண்டனில் ஆர்தர் எடிங்டன் அதைச் சபையிலேயே கேலி செய்தார். சந்திரசேகர் 1937 இல் அமெரிக்கா வந்து, சிக்காகோ பல்கலைக்கழகத்திலேயே வாழ்நாளைக் கழித்தார். நோபல் பரிசு வர 1983 ஆகிவிட்டது.

அந்த எல்லைக்கும் பிரபஞ்ச விரிவுக்கும் என்ன தொடர்பு? ஒரு வெண்குள்ளன் பக்கத்து விண்மீனிடமிருந்து பொருளை உறிஞ்சி எல்லையை நெருங்கும்போது வெடித்துச் சிதறும். இதை முதலாம்-அ வகைச் சுப்பர்நோவா என்கிறார்கள். ஏறக்குறைய ஒரே திணிவில் வெடிப்பதால் ஏறக்குறைய ஒரே பிரகாசம். ஒரே அளவு திரியுள்ள விளக்கு பக்கத்து வீட்டில் எரிந்தால் பளிச்சென்றும், வயலுக்கு அப்பால் எரிந்தால் மங்கலாகவும் தெரியும். மங்கலை அளந்தால் தூரம் தெரியும். 1998 இல் தூரத்து விளக்குகள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன, அதாவது இன்னும் தூரத்தில் இருந்தன. இங்கே ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். எல்லா வெண்குள்ளன்களும் அந்த எல்லையில்தான் வெடிக்கின்றன என்றில்லை. இரண்டு மோதி வெடிப்பதும் உண்டு. விளக்குகளின் திரி முற்றிலும் ஒரே அளவு அல்ல என்பதால் அவற்றைத் திருத்திக் கணக்கிட வேண்டியிருக்கிறது. இந்தத் திருத்தம்தான் பின்னர் பெரிய வழக்காகிறது.

விரிவை விரைவுபடுத்தும் அந்த ஏதோ ஒன்றுக்குக் கருஞ்சக்தி என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தார்களே தவிர அது என்னவென்று தெரியாது. பிரபஞ்சத்தின் கணக்கில் ஏறத்தாழ 68 வீதம் இது. கண்ணுக்குத் தெரியும் அணுக்களால் ஆன எல்லாமும், நாங்களும் எங்கள் வீடும் எல்லா விண்மீன்களும் சேர்ந்து, வெறும் 5 வீதம். மிச்சம் கரும்பொருள்.

இதன் மிக எளிய விளக்கம் ஐன்ஸ்டைன் 1917 இல் எழுதி, பின்னர் கைவிட்ட ஒரு மாறிலி. வெற்றிடத்துக்கே ஒரு சக்தி உண்டு, அது ஒருபோதும் நீர்த்துப்போகாது என்பது இதன் பொருள். சமையலறையில் சொன்னால் இப்படி: சொதிக்குத் தண்ணீர் விட விட உப்புச் சுவை குறையும். பிரபஞ்சம் விரிய விரியப் பொருளின் அடர்த்தி குறைவதும் அப்படியே. ஆனால் கருஞ்சக்தி எவ்வளவு தண்ணீர் விட்டாலும் சுவை மாறாத உப்பு. ஆரம்பத்தில் பொருளின் ஈர்ப்பு மேலோங்கியிருந்தது. பொருள் நீர்த்துப்போனதும் நீர்க்காத இந்த உப்பு மேலோங்கிவிட்டது. அதனால்தான் கடந்த ஐந்தாறு பில்லியன் ஆண்டுகளாக விரிவு விரைவுபடுகிறது.

உப்பு உண்மையிலேயே மாறவில்லையா என்று பார்க்க ஒரே வழி, வெவ்வேறு காலத்துச் சொதியைச் சுவைத்துப் பார்ப்பது. வானத்தில் அது முடியும். தூரத்தைப் பார்ப்பது பழைய காலத்தைப் பார்ப்பதாகும். அதற்குச் சுப்பர்நோவா விளக்குகள் மட்டும் போதாது. அவற்றைச் சரிபார்க்க, வெடிப்புகளோடு சம்பந்தமே இல்லாத இன்னோர் அளவுகோல் வேண்டும். அது கிடைத்த கதை நியூ ஜேர்சியில் தொடங்குகிறது.

மொன்மவுத் மாவட்டத்தில் ஹோம்டெல் என்ற ஊர். அங்கே குரோபோர்ட் குன்றின் மேல், பெரிய கொம்புபோல ஓர் அலைவாங்கி நிற்கிறது. பெல் ஆய்வுகூடம் செய்மதித் தொடர்புக்காகக் கட்டியது. 1964 இல் ஆர்னோ பென்சியாசும் ரொபேர்ட் வில்சனும் அதை வானியலுக்குப் பயன்படுத்த முயன்றபோது, போகாத ஓர் இரைச்சல் கேட்டது. எத்திசையில் திருப்பினாலும், இரவும் பகலும், எல்லாப் பருவத்திலும் அதே அளவு. நியூ யோர்க் நகரத்தின் இரைச்சலா என்று பார்த்தார்கள். கொம்புக்குள் கூடு கட்டியிருந்த புறாக்களைப் பிடித்து அப்புறப்படுத்தி, எச்சத்தைக் கழுவினார்கள். இரைச்சல் போகவில்லை. அதே நேரத்தில், காரில் ஒரு மணித்தியாலத்துக்குள் போகக்கூடிய பிரின்ஸ்டனில், ரொபேர்ட் டிக்கேயின் குழுவும் இளம் ஜிம் பீபிள்சும், பிரபஞ்சம் சூடாகப் பிறந்திருந்தால் இப்படி ஒரு மிச்ச ஒளி இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு அதைத் தேடக் கருவி செய்துகொண்டிருந்தார்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் இரண்டும் பொருந்தின. பிரபஞ்சம் பிறந்து ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகளில் வெளிப்பட்ட ஒளி அது. எண்பதுகளில் இந்தியத் தூரதர்ஷனைப் பிடிக்க யாழ்ப்பாணத்து வீடுகளில் உயரமான அன்ரனாவைத் திருப்பியவர்களுக்கு, படம் வராமல் புள்ளி புள்ளியாய்ப் பொரிந்த திரை ஞாபகமிருக்கும். அந்தப் பொரிவில் மிகச் சிறு பங்கு இந்த ஒளி.

பென்சியாஸ் யார் என்பதை நாங்கள் அறியாமல்தான் அந்தக் குன்றுக்குப் போய் வந்திருந்தோம். 1933 இல் மியூனிக் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1939 இல், ஆறு வயதில், தம்பியோடு தனியே இங்கிலாந்துக்கு ரயிலேற்றி அனுப்பப்பட்டார். பெற்றோர் பின்னர் வந்து சேர, 1940 இல் குடும்பம் நியூ யோர்க் வந்தது. தாய் தையல் தொழிற்சாலையில் வேலை செய்தார். பிள்ளை நகரத்தின் பொதுக் கல்லூரியில் படித்து இந்தக் குன்றுக்கு வந்தார். கூட நின்ற வில்சன் டெக்சாசின் ஹூஸ்டனில் பிறந்து ரைஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். இருவருக்கும் 1978 இல் நோபல் கிடைத்தது. 2024 ஜனவரியில் பென்சியாஸ் சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். இதைப் படித்தபோது எங்கள் குழுவில் 1980களில் அண்ணனோடு தனியே விமானம் ஏற்றப்பட்ட ஒருவர், அன்று வேறொன்றும் கதைக்கவில்லை.

அளவுகோலுக்கு வருவோம். அந்த ஒளி வெளிப்படுவதற்கு முன், பிரபஞ்சம் கொதிக்கும் குழம்பாக இருந்தது. அதில் ஒலி அலைகள் பரவின. கேணிக்குள் மழைத்துளிகள் விழுந்து வட்டங்கள் பரவும்போது, கேணி சட்டென்று உறைந்துவிட்டால் வட்டங்கள் அப்படியே நின்றுவிடும் அல்லவா? அப்படித்தான் நடந்தது. ஹோம்டெல் ஒளியை மிக நுணுக்கமாக வரைந்த பிந்திய செய்மதிகள் அந்த வட்டங்களின் அளவைச் சொல்லிவிட்டன. பிரபஞ்சத்தோடு சேர்ந்து அவையும் விரிந்து, இன்று ஏறத்தாழ 49 கோடி ஒளியாண்டு ஆரையுள்ளவையாக இருக்கின்றன. கலக்சிகள் அந்த இடைவெளியில் சற்றே அதிகமாகச் சேர்ந்திருக்கும். இலட்சக்கணக்கில் எண்ணினால்தான் தெரியும் அளவு சிறிய வேறுபாடு. 2005 இல் முதன்முறை அது தெளிவாகப் பிடிபட்டது.

இதைப் பெருமளவில் செய்வதுதான் டெசி என்ற கருவி. பேர்க்லி ஆய்வுகூடம் தலைமை தாங்கிக் கட்டியது. அரிசோனாவில் தொஹோனோ ஓதாம் பூர்வகுடிகளின் நிலத்திலுள்ள கிட் பீக் மலையில், 4 மீற்றர் தொலைநோக்கியில் பொருத்தப்பட்டிருக்கிறது. அதில் 5,000 சிறு ரோபோக்கள். ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய ஒளியிழையைப் பிடித்துக்கொண்டு, குறித்த ஒரு கலக்சியின்மேல் போய் நிற்கும். ஏறத்தாழ இருபது நிமிடம் ஒளியைச் சேர்த்தபின் அடுத்த 5,000 கலக்சிகள். 2021 மே மாதம் தொடங்கி, முதல் மூன்று ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்குக் கிட்டிய கலக்சிகளின் தூரத்தை அளந்தது. 11 பில்லியன் ஆண்டுகள் பின்னோக்கிய வரைபடம் அது.

2024 ஏப்ரலில் முதல் முடிவு வந்தது. 2025 மார்ச்சில் அதைவிட வலுவான இரண்டாவது முடிவு. டெசியின் வட்டங்களையும், ஹோம்டெல் வழி வந்த பழைய ஒளியையும், சுப்பர்நோவா விளக்குகளையும் சேர்த்துப் பார்த்தால், உப்பு மாறாது என்ற எளிய கணக்கு நன்றாகப் பொருந்தவில்லை. கருஞ்சக்தி முன்னர் வலுவாக இருந்து, அண்மைய சில பில்லியன் ஆண்டுகளில் தளர்ந்துவருகிறது என்று வைத்தால் கூடுதலாகப் பொருந்துகிறது. காணொளித் தலைப்புகள் எல்லாம் இங்கிருந்துதான் முளைத்தன. கவனியுங்கள்: தளர்வது கருஞ்சக்தி. விரிவு தொடர்கிறது.

எவ்வளவு நம்பலாம்? விஞ்ஞானிகள் இதைச் சிக்மா என்ற அளவில் சொல்வார்கள். 3 சிக்மா என்றால், தற்செயலாக இப்படித் தோன்றுவது சில நூறு தடவைக்கு ஒருமுறை. 5 சிக்மா என்றால் பல இலட்சத்துக்கு ஒருமுறை. பின்னதைத் தாண்டினால்தான் கண்டுபிடிப்பு என்பது எழுதாத விதி. டெசியின் முடிவு, எந்தச் சுப்பர்நோவாப் பட்டியலோடு சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து 2.8 இலிருந்து 4.2 வரை மாறுகிறது. ஒரே வானம், மூன்று பட்டியல்கள், மூன்று விடைகள். எங்களுக்கு இதுதான் உறுத்தியது. 4.2 என்ற உச்சத்தைத் தந்த பட்டியலை உருவாக்கிய குழுவே, 2025 இன் பிற்பகுதியில் தன் விளக்குகளின் பிரகாசக் கணக்கை மீண்டும் சரிபார்த்தது. எண் 3.2 ஆக இறங்கியது. தங்கள் செய்தியைத் தாங்களே சிறிதாக்கிக்கொண்டார்கள். சாடை மறைந்துவிடவில்லை, மெலிந்திருக்கிறது.

டெசி குழுவின் இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். தரவை ஆராயும் முறையை முடிவுசெய்யும் வரை, உண்மையான விடை தங்களுக்கே தெரியாதபடி எண்களை வேண்டுமென்றே இடம்மாற்றி வைத்திருக்கிறார்கள். முறை இறுதியான பின்புதான் திரையை விலக்குவார்கள். விரும்பிய விடையை நோக்கிக் கை தானாகச் சாயாமல் இருக்க இந்தக் கட்டுப்பாடு. எத்தனை பேர் என்ற கணக்கே ஆண்டுக்கணக்கில் அரசியலாகிப்போன ஒரு சமூகத்திலிருந்து வந்தவர்களுக்கு, எண்ணுகிறவர் தன் கண்ணைத் தானே கட்டிக்கொள்வது சிறிய விசயமாகத் தெரியாது.

ஆகவே வழக்கு இனி வரும் கருவிகளிடம் போகிறது. முதலாவது வேரா ரூபின் வான் ஆய்வுநிலையம். தொலைநோக்கி சிலியின் செரோ பச்சோன் மலையில். ஆனால் அதன் கண் விரிகுடாப் பகுதியில் பிறந்தது. மென்லோ பார்க்கிலுள்ள ஸ்லாக் ஆய்வுகூடத்தில் பல ஆண்டுகள் கட்டிய அந்தக் கமெரா, 3,200 மெகாபிக்சல், சிறிய கார் ஒன்றின் அளவு, 3 தொன் எடை. 2024 மே மாதம் சரக்கு விமானத்தில் சிலிக்குப் போனது. 2025 ஜூன் 23 அன்று முதல் படங்கள் வெளியாகின. ஒரு படத்தில் முழுநிலவைப்போல் 45 நிலவுகளை நிரப்பலாம். தென்வானத்தின் ஒவ்வொரு துண்டையும் பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 800 தடவை எடுக்கும். 1998 இல் சில டசின் சுப்பர்நோவாக்களை வைத்து முடிவெடுத்தார்கள். ரூபினில் இலட்சக்கணக்கில் கிடைக்கும், எல்லாம் ஒரே கமெராவில். வெவ்வேறு தொலைநோக்கிகளின் பழைய பட்டியல்களைத் தைத்து ஒட்டும்போது வரும் பிழை இங்கே குறையும். மேலே சொன்ன 4.2, 3.2 வழக்கு இங்கேதான் தீரக்கூடும் என்பது எங்கள் எண்ணம்.

அந்தத் தென்வானம் எங்களுக்குப் பழக்கமானது. யாழ்ப்பாணத்தில் ஏப்ரல், மே இரவுகளில் தெற்கே தாழத் தெரியும் தென்சிலுவை, நியூ ஜேர்சியில் ஒருபோதும் அடிவானத்துக்கு மேல் வராது.

இரண்டாவது டெக்சாஸ். ஒஸ்ரின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மக்டொனால்ட் வான் ஆய்வுநிலையம், மாநிலத்தின் மேற்குக் கோடியில் டேவிஸ் மலைகளில் இருக்கிறது. அங்கே 91 அறுகோணத் துண்டுகளாலான ஆடியுள்ள ஹொபி-எபேர்லி தொலைநோக்கி, 2017 முதல் ஹெட்டெக்ஸ் என்ற ஆய்வைச் செய்தது. டெசி எந்தக் கலக்சியைப் பார்ப்பது என்று முதலே தெரிவுசெய்து பார்க்கும். ஹெட்டெக்ஸ் தெரிவுசெய்வதில்லை. பல்லாயிரம் ஒளியிழைகளால் வானத்தின் ஒரு துண்டை மூடி, எது விழுகிறதோ அதை எடுக்கும். 10, 11 பில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய கலக்சிகள்தான் அதன் குறி. உப்பு மாறவே இல்லையென்றால், அவ்வளவு பழைய காலத்தில் கருஞ்சக்தியின் பங்கு மிகச் சிறிதாக இருந்திருக்க வேண்டும். அது அப்படித்தானா என்பதை வேறொரு வழியில் சோதிப்பதால் இதற்கு மதிப்பு.

ஹூஸ்டனிலோ டலசிலோ இருக்கும் குடும்பங்கள் நீண்ட வார இறுதியில் போய்வரலாம். காரில் எட்டு ஒன்பது மணித்தியாலம். பொதுமக்களுக்கான விண்மீன் இரவுகள் உண்டு. சுற்றியுள்ள பெரும் பரப்பு 2022 இல் சர்வதேச இருள்வான் காப்பகமாக அங்கீகரிக்கப்பட்டது. தெருவிளக்குகளைக்கூடச் சட்டம்போட்டு அடக்கிவைத்திருக்கிறார்கள். போய்வந்த ஒரு குடும்பம் சொன்னது: பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, அம்மம்மா மட்டும் அலட்டிக்கொள்ளவில்லையாம். 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபின் ஆண்டுக்கணக்கில் முற்றத்தில் பாய் விரித்துப் படுத்தபோது பார்த்த வானம் இதுதானே என்றாராம்.

விண்வெளியிலும் இருவர். ஐரோப்பாவின் யூக்கிளிட் 2023 ஜூலை 1 அன்று ஏவப்பட்டு வேலை செய்கிறது. நாசாவின் நான்சி கிரேஸ் ரோமன் தொலைநோக்கி ஒருமுறை பார்க்கும் வானம் ஹபிள் தொலைநோக்கி பார்ப்பதைவிட நூறு மடங்கு. 2027 மே மாதத்துக்குள் அதை ஏவுவது திட்டம். வளிமண்டலத்தின் குழப்பம் இல்லாமல் மிகத் தூரத்துச் சுப்பர்நோவாக்களை அகச்சிவப்பில் அது அளக்கும். ரூபின் பக்கத்து விளக்குகளையும் ரோமன் தூரத்து விளக்குகளையும் எண்ணி, இரண்டும் டெசியின் வட்டங்களோடு ஒத்துப்போனால், அப்போது நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் எங்கேயோ ஓர் அளவுகோல் கோணல் என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிப்பதும் வெற்றிதான், தலைப்புச் செய்தி வராது என்பதைத் தவிர.

காரில் கேட்ட பிள்ளைக்கு இதையெல்லாம் பகுதி பகுதியாகச் சொல்லி முடித்தோம். "அப்ப கடைசியில என்ன நடக்கும்?" என்று அடுத்த கேள்வி வந்தது. கருஞ்சக்தி மாறாதது என்றால், சுமார் நூறு பில்லியன் ஆண்டுகளில் எங்கள் பால்வீதியும் ஈர்ப்பால் அதனோடு கட்டுண்ட அண்ட்ரோமீடா போன்ற அயல்களும் தவிர, மற்ற எல்லாக் கலக்சிகளும் பார்வைக்கு எட்டாத தூரம் போய்விடும். ஹோம்டெல் ஒளியும் கேட்க முடியாத அளவுக்கு நலிந்துவிடும். அப்போது ஒருவர் இங்கே பிறந்து வானத்தைப் பார்த்தால், வேறு கலக்சிகள் இருந்தன என்பதற்கோ, எல்லாம் ஓரிடத்தில் நெருங்கியிருந்து தொடங்கின என்பதற்கோ வானத்தில் ஒரு தடயமும் இராது. கருஞ்சக்தி தளர்கிறது என்றால் அந்த மறைவு பிந்தலாம், சில கணக்குகளின்படி நடக்காமலும் போகலாம். எது என்பதை இன்றைய தரவு சொல்லவில்லை.

பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்போ அவர்களுக்கு யாராவது எழுதி வைத்துவிட்டுப் போகலாமே என்றது. அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்ததும் எல்லோரையும் ஹோம்டெல் குன்றுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறோம். அந்த நிலத்தை வீடு கட்ட விற்றுவிடக்கூடும் என்ற நிலை வந்தபோது, ஊர்ச்சனம் குரல் கொடுத்து மீட்டுப் பொதுப் பூங்காவாக்கியிருக்கிறார்கள். கொம்பு இன்னும் அங்கேதான் நிற்கிறது.